மஸ்தான் சாயபு தெருவின் விலை

வீடு வாங்க வருகிறவன் வீட்டை அளப்பான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்த இரண்டு பேர் தெருவை அளந்தார்கள்.

குல்சும் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கீழே ஒருவன் அவள் வீட்டுச் சுவரில் டேப்பின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் அதை இழுத்துக்கொண்டே போய் எதிர்ச்சாரியில் ஹாஜிரா பீ வீட்டுச் சுவரில் முட்டினான். நோட்டில் குறித்துக்கொண்டான். பத்தடி தள்ளி இன்னொரு தரம் அளந்தார்கள். அதோடு விடாமல் தெருமுனைக்குப் போய் அங்கேயும் ஒரு தரம். வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை அறை, கூரை எப்படி, தண்ணீர் எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

இருபத்தெட்டு வருடமாகக் கார் சீட்டுக்கு உறை தைக்கிற வீடு அது. கீழே கடை, மேலே குடித்தனம். புருஷன் பீர் முஹம்மது அளவெடுப்பான், குல்சும் ரெக்சினை வெட்டுவாள். வேண்டாத அளவை எவனும் மூன்று தரம் எடுக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இரண்டு தெருக்கள். கேசவாச்சாரி தெரு முன்தெரு. மஸ்தான் சாயபு தெரு பின்தெரு. எது முன், எது பின் என்று யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு தெருக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். முன்தெருவில் வக்கீல், ஆடிட்டர், பாட்டு டீச்சர். பின்தெருவில் சீட் கவர், டிங்கரிங், கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை. முன்தெரு குறுகல், ஓரமாக ஒரு வண்டி நின்றுவிட்டால் எதிரெதிரே வரும் இரண்டு காரில் ஒன்று பின்னால் போக வேண்டும். பின்தெருவில் அந்தக் காலத்தில் மரவாடிகள் இருந்தன. மரம் ஏற்றி வந்த மாட்டு வண்டிகள் திரும்புவதற்காக அதை அகலமாக விட்டிருந்தார்கள். அந்த அகலத்தை இத்தனை வருடம் யாரும் ஒரு பெருமையாக நினைத்ததில்லை. பையன்கள் கிரிக்கெட் ஆட வசதி, அவ்வளவுதான்.

குல்சும் வீட்டின் பின்சுவரும் கோமளம் மாமி வீட்டுக் கொல்லைச் சுவரும் ஒன்று. கோமளத்தின் கணவர் சுவாமிநாதன் போய் மூன்று வருடம் ஆகிறது. அடையாறில் இருக்கும் மகன் கிரீஷ், அப்பாவின் வீட்டை ஒரு பில்டர் கம்பெனியிடம் பேசி முடித்திருந்தான். பழைய வீட்டை இடித்துவிட்டு ஒன்பது மாடி. கோமளத்துக்கு அதில் இரண்டு ஃபிளாட், மீதிக்குப் பணம். அதோடு குல்சும் வீட்டு அரை கிரவுண்டையும் சேர்த்துக்கொள்ளக் கம்பெனி விரும்பியது. கார் நிறுத்தக் கொஞ்சம் இடம் பற்றவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சொல்ல வந்தவன் அமீன் என்கிற புரோக்கர். முஸ்லிம் வீட்டுக்கு ஒரு முஸ்லிம் போனால் நம்ம ஆள் என்று நம்புவார்கள் என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. முன்தெரு நிலத்துக்கு கிரவுண்டு ஆறு கோடி. பின்தெருவுக்கு இரண்டு கோடி எழுபது லட்சம். ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மண் ஆறு கோடி, இந்தப் பக்கம் அதே மண் அதில் பாதிகூட இல்லை. குல்சும் அன்றைக்கே அமீனைக் கேட்டாள். அவன் சங்கடப்படவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அஃப்ரா கல்யாணப் பத்திரிகைல இன்னா அட்ரஸ் போட்டீங்க? கேசவாச்சாரி தெரு, பின்புறம்னு. நான்தான் வந்து சாப்ட்டுட்டுப் போனேனே. வாய் தொறந்து பேர் சொல்ல நீங்களே கூச்சப்படுற தெருவுக்கு அவன் எங்கேருந்து ரேட் குடுப்பான்?"

உண்மை அதுதான். மூத்த மகள் அஃப்ராவுக்குச் சம்பந்தம் வாணியம்பாடியில், தோல் வியாபாரக் குடும்பம். மஸ்தான் சாயபு தெரு என்று அச்சடித்தால் ஏதோ சந்து என்று நினைத்துக்கொள்வார்களோ என்று அவளாகவே பயந்து, கோமளம் மாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, முன்தெருப் பேரைப் போட்டாள். அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். பள்ளிக்கூட விண்ணப்பம், பெண் பார்க்கும் விவரத்தாள், வேலைக்கு மனு, எல்லாவற்றிலும் 'பின்புறம்'. கல்யாணத்துக்கு முந்தின நாள் சீர்த்தட்டோடு வந்த சம்பந்தி வீட்டார் கேசவாச்சாரி தெருவில் ஒரு மணி நேரம் வெயிலில் சுற்றினார்கள். அப்போதுகூட குல்சும் ஆட்டோக்காரன்மேல்தான் பழி போட்டாள்.

ஆக, விலை பேசி முடிந்துவிட்டது. பீர் முஹம்மதுவுக்கு ஐம்பத்தெட்டு வயது, முட்டி தேய்ந்துவிட்டது, மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு 'யா அல்லா'. கொட்டிவாக்கத்தில் லிஃப்ட் உள்ள ஃபிளாட் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவன், அதன் பால்கனியைப் பற்றியே ஒரு வாரம் பேசினான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கோமளம் வீட்டில் வைத்துக் கையெழுத்து என்று நாளும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில்தான் இரண்டு பேர் வந்து தெருவை அளந்துவிட்டுப் போனார்கள்.

இளைய மகள் சிம்ராவிடம் அன்று மாலை குல்சும் இதைச் சொன்னாள். சிம்ரா தேனாம்பேட்டையில் வேலை பார்க்கிறவள். அவள் ஆபீஸில் பக்கத்து மேஜையில் இருந்த பூஜாவுக்குக் கட்டட அனுமதி வாங்கிக் கொடுக்கிற இடத்தில் முன்பு வேலை பார்த்த அனுபவம் உண்டு. அவளிடம் விசாரித்துவிட்டு, புதன்கிழமை வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்.

"தெரு எத்தன அடியோ அத வெச்சுதான்மா மாடி. முன்தெரு இருபதடி. அதுல நாலு மாடிக்கு மேல விடமாட்டாங்க. ஒம்பது மாடி வேணும்னா நாப்பதடித் தெருவுல வாசல் இருக்கணும். நம்ம தெரு நாப்பதடி. நம்ம வூடு இல்லன்னா அவங்களுக்கு அஞ்சு மாடி இல்ல."

குல்சும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கார் நிறுத்த இடம் பற்றவில்லையாம். பெரிய மனது பண்ணி வாங்கிக்கொள்கிறார்களாம். ஐந்து மாடியை அவள் வாசலில் நின்று எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பின்தெரு ரேட் கொடுக்கிறார்கள். அமீன் வாங்கிக் குடித்த டீயை நினைத்தாள். இரண்டு தடவை பிஸ்கட் வேறு வைத்திருந்தாள்.

பீர் முஹம்மது விஷயத்தைக் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தவே இல்லை. ஒப்புக்கொண்ட வார்த்தை ஒப்புக்கொண்டதுதான், பெரிய இடத்தோடு மல்லுக்கு நின்றால் இருக்கிறதும் போய்விடும் என்றான். அவள், நாம் கேட்பது தர்மம் இல்லை, பக்கத்துச் சுவரின் விலை என்றாள். அவன், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்கிறது, அது உலகத்துக்கே தெரியும், உனக்கு மட்டும் இன்றைக்குத்தான் மறந்துபோயிற்றா என்றான். இரண்டு நாள் அந்த வீட்டில் சோறு போடுகிற சத்தமும் தட்டு வைக்கிற சத்தமும் மட்டும்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இருவரும் போனார்கள். கோமளம் வாசலுக்கே வந்து அழைத்தாள். எழுபத்தாறு வயதிலும் இரண்டு வேளை பாட்டு வகுப்பு எடுக்கிறவள். குல்சும் புதுப்பெண்ணாக வந்த நாளிலிருந்து தெரிந்தவள். ஹாலில் கிரீஷ் லேப்டாப்பும் காகிதமுமாக உட்கார்ந்திருந்தான். அமீனும் ஓர் ஓரத்தில் இருந்தான். கம்பெனி டைரக்டர் போனில் வருவார் என்றார்கள்.

மேஜைமேல் ஒரு பெரிய வண்ணப்படம். கேசவாச்சாரி தெருவைப் பார்த்த ஒன்பது மாடி. முகப்பில் கல்தூண், பித்தளை விளக்கு, பின்னணியில், இருக்கிற இடத்தைவிட அரை மைல் நெருங்கி வந்து நிற்கிற கோவில் கோபுரம். கீழே பெரிய எழுத்தில் கேசவாச்சாரி தெரு, மயிலாப்பூர். அதற்கு அடியில் மடித்து வைத்திருந்த இன்னொரு காகிதத்தை குல்சும் இழுத்தாள். அது அரசாங்கத்துக்குக் கொடுக்கிற வரைபடம். அதில் முகவரி என்று போட்ட இடத்தில் மஸ்தான் சாயபு தெரு, கதவு எண் பதினான்கு. அவள் வீட்டு எண்.

"என் அடுப்பங்கரை எங்க வருது, கிரீஷ்?"

அவன் விரல் வைத்துக் காட்டினான். அங்கே சின்னக் கட்டம். குப்பை அறை என்று எழுதியிருந்தது. அதை ஒட்டி ஜெனரேட்டர். அதை ஒட்டி கார் இறங்குகிற சரிவு. ஒன்பது மாடிக்காரர்களும் அவள் வாசல் வழியாகத்தான் உள்ளே வருவார்கள், போவார்கள். தீயணைப்பு வண்டி வந்தாலும் அதே வழிதான். கல்தூணும் பித்தளை விளக்கும் வைத்த முன்வாசல் நடந்து போகிறவர்களுக்கு.

குல்சும் குரலை உயர்த்தவில்லை. கார் நிறுத்த இடம் பற்றவில்லை என்று சொன்னது பொய், உங்களுக்கு வேண்டியது என் வீடு இல்லை, என் தெரு. அப்படியானால் முன்தெரு விலைதான் என்றாள். கிரீஷ் முகம் சிவந்துவிட்டது. அமீன் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான்.

"அக்கா, ரேட் நான் வெச்சது இல்ல. ஏரியா வெச்சது," என்றான் கிரீஷ்.

கோமளம் குறுக்கே வந்தாள். "குல்சும், நீ நம்மாத்து மனுஷி மாதிரி. நான் என்னிக்காவது பேதம் பார்த்திருக்கேனா? ஆனா தெருன்னு ஒண்ணு இருக்கோல்லியோ. நாளைக்கு வாங்க வரவா அதைத்தானே கேப்பா. நீயே அஃப்ரா கல்யாணத்துக்கு எங்க தெருப் பேரைக் கேட்டு வாங்கிண்டு போனியே."

"போனேன் மாமி. என் புத்தி அப்ப அவ்ளோதான்," என்றாள் குல்சும். "நான் உங்க வூட்டு மனுஷின்னா என் மண்ணு மட்டும் ஏன் மாமி பாதி வெல?"

கோமளம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

கிரீஷ் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனான். அரை மணி நேரம். அதற்குள் கோமளம் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பீர் முஹம்மது மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. இருந்ததும் போயிற்று என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கிரீஷ் வெளியே வந்து, சரி, ஆறு கோடி ரேட்டே, அரை கிரவுண்டுக்கு மூன்று கோடி, டைரக்டர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றான். பீர் முஹம்மது பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

அங்கேயே விட்டிருக்கலாம். குல்சுமுக்கும் அது தெரிந்தது. மூன்று கோடி என்றால் கொட்டிவாக்கத்தில் அந்த பால்கனி வீட்டை வாங்கி, சிம்ரா கல்யாணத்தை முடித்து, மீதியும் இருக்கும். ஆனால் அரை மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள முடிகிற விலையை இத்தனை நாள் எந்தத் தைரியத்தில் மறைத்தார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சுட்டது. கேட்டிருக்காவிட்டால் கொடுத்திருக்கமாட்டார்கள். அவள் கண்ணெதிரே இரண்டு காகிதமும் அருகருகே கிடந்தன. ஒன்றில் அவள் தெருவின் பேர் இருந்தது. அது அதிகாரிகள் கண்ணுக்கு. இன்னொன்றில் இல்லை, அது வாங்குகிறவர்கள் கண்ணுக்கு.

"இன்னும் ஒண்ணு," என்றாள். "கவர்மெண்டுக்கு எந்தத் தெரு பேர எழுதிக் குடுக்குறீங்களோ, அதே பேரு வாசல் போர்டுலயும் இருக்கணும். மஸ்தான் சாயபு தெரு. அத ஒப்பந்தத்துல எழுதுங்க."

கிரீஷ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். இந்தத் தடவை டைரக்டரை ஸ்பீக்கரில் போட்டுப் போனை மேஜைமேல் வைத்தான். நல்ல பொறுமையான குரல். மேடம் என்று மரியாதையாக அழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, பேருக்கென்று தனியாகப் பதினைந்து லட்சம் சேர்த்துத் தருகிறேன், அந்த வரியை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார். குல்சும் மாட்டேன் என்றாள். இருபத்தைந்து என்றார். மாட்டேன் என்றாள். அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், நான் ஓப்பனா சொல்லிடறேன்," என்றது குரல். "அந்தப் பேர் போர்டுல வந்தா சதுர அடிக்கு நாலாயிரம் அஞ்சாயிரம் அடி வாங்கும். பாதிப் பேர் ஃபிளாட்டைப் பாக்கவே வரமாட்டான். ஒம்பது மாடிக்கும் கணக்குப் போட்டா, எனக்கு உங்க இடமே வேண்டாம். முன்தெருவுல நாலு மாடி போதும். கிரீஷ், நாம அப்படியே போயிடலாம்."

போன் அணைந்தது.

கிரீஷுக்கு அதில் எத்தனை நஷ்டம் என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஐந்து மாடியில் அவன் பங்கும் போயிற்று. கம்பெனிமேல் காட்ட முடியாத கோபத்தை அவன் குல்சும்மேல் திருப்பினான்.

"ஒரு போர்டுக்காக மூணு கோடியை வேண்டாம்னு சொல்றீங்களே, அக்கா. உங்களுக்கே நல்லா இருக்கா?"

"நான் வேணாம்னு சொல்லல, கிரீஷ். கையெழுத்துப் போடத்தான் வந்து குந்திகினு கீறேன். போர்டுக்காக வேணாம்னு சொன்னது உங்க ஆளு."

அமீன் எப்போது எழுந்து போனான் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. கோமளம் மெதுவாக, கிரீஷ் பக்கம் திரும்பி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "விடுடா. நாலு மாடின்னா நாலு மாடி. அந்தப் பேரைச் சொல்லிண்டு என்னாலயும் இருக்க முடியாதுதான்."

அவள் மனதில் கெடுதல் வைத்துச் சொல்லவில்லை. உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதனால்தான் அது அப்படித் தைத்தது.

பீர் முஹம்மது பேனாவை மூடினான். இரண்டு நாளாக மனைவியிடம் பேசாதவன், மூன்று கோடிக்கு நிமிர்ந்து உட்கார்ந்தவன், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"எங்க தெரு மேல ஏறி ஒம்பது மாடி போவீங்க. எங்க அடுப்புல குப்பையக் கொட்டுவீங்க. எங்க பேர மட்டும் நாக்குல வெக்கமாட்டீங்க," என்றான். "சுவாமிநாதன் சார் கார் சீட்டு நான் தெச்சது. இருவது வருஷம் அது மேல குந்திகினு போனாரு. அப்ப எந்தத் தெருவுல தெச்சதுன்னு கேக்கலியே மாமி? வா குல்சும்."

கோமளம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர்கள் அதற்குள் படியிறங்கிவிட்டார்கள்.

முன்தெருவைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். முட்டி வலிக்கு அவன் நின்று நின்று வந்தான். மூலை திரும்பும்வரை வீரமாகத்தான் இருந்தான். திரும்பியதும் அவனுக்குக் கணக்கு வந்துவிட்டது.

"மூணு கோடி, குல்சும்."

"தெரியும்."

"கொட்டிவாக்கத்துக்காரனுக்கு இன்னா சொல்றது?"

"வேணாம்னு சொல்லுங்க."

"சுலுவா சொல்ற," என்றான். "இந்த முட்டிய வெச்சிகினு இன்னும் எத்தினி வருஷம் அந்தப் படி ஏறுறது? அவங்க நாலு மாடி கட்டுனா நம்ம பின்பக்கம் காத்தும் வராது, வெளிச்சமும் வராது. நமக்கு இன்னா மிச்சம்?"

படி அப்படியேதான் இருக்கும், முட்டி இன்னும் மோசமாகும், பின்சுவர்மேல் நாலு மாடி நிழல் விழும். அந்தக் கணக்கு அவளுக்கும் தெரியும். ஆனால் அவளை எரித்தது வேறு. விலை கேட்டதும் இறங்கி வந்தார்கள். பேர் கேட்டதும் ஐந்து மாடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். அத்தனை பெரிய விலை கொடுத்து ஒதுக்குகிற அளவுக்கு அந்தப் பேர் யாருக்கு என்ன கெடுதல் செய்தது? மஸ்தான் சாயபு யார் என்று அவளுக்குத் தெரியாது. மரவாடிக்காரர் என்று சிலர் சொல்வார்கள். யாராக இருந்தாலும் நாற்பதடி விட்டுவிட்டுப் போன மனுஷன். இத்தனை வருடம் அந்தப் பேரை ஒளித்து வைத்தவர்களில் தானும் ஒருத்தி என்ற நினைப்பு வந்தபோது, கோபம் திரும்பி அவள்மேலேயே பாய்ந்தது. அது இன்னும் தாங்கமுடியாததாக இருந்தது.

வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பீர் முஹம்மது கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தான். குல்சும் எதிர்ச்சாரியைப் பார்த்தாள். ஹாஜிரா பீ வீட்டு வாசலில் அமீனுடைய வண்டி நின்றது.

ஹாஜிரா பீ புருஷன் இல்லாதவள். பிரியாணி தேக்சா, கரண்டி, ஜமக்காளம் எல்லாம் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவள். அவள் வீட்டு முதுகும் அந்தப் பக்கம் ஒரு நல்ல பேருள்ள தெருவில் முட்டுகிறது. குல்சுமுக்குச் சட்டென்று புரிந்தது. ஒரு வீடு கையைவிட்டுப் போன உடனேயே தெருவின் மறுபக்கம் இன்னொரு வீட்டை ஆரம்பித்துவிட்டான். தெரு அதேதான், நாற்பதடியும் அதேதான். இவளுக்குத் தெரிந்த விஷயம் ஹாஜிரா பீக்கு இன்னும் தெரியாது.

தலையில் போட்டிருந்த துப்பட்டாவைக்கூட எடுக்காமல் அவள் தெருவைக் கடந்தாள். பின்னாலிருந்து பீர் முஹம்மது பேர் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பவில்லை.

உள்ளே தேக்சாக்கள் அடுக்கிய கூடத்தில் அமீன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் டீ. ஹாஜிரா பீ கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கிரவுண்டு இரண்டு எழுபது, இந்தத் தெருவுக்கு இதுவே ஜாஸ்தி, எல்லாம் உங்களுக்காகப் பேசி வாங்கினது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது வாசலிலேயே காதில் விழுந்தது.

குல்சும் ஒரு தேக்சாவைக் கவிழ்த்துப் போட்டு, வாசற்படியை அடைத்த மாதிரி உட்கார்ந்தாள்.

"சொல்லு, அமீன். நான் நடுவுல பேசமாட்டேன். நீ முழுசா சொல்லி முடி. அப்பால நான் ஹாஜிரா ஆபாவுக்கு ஒண்ணு சொல்லணும்."

அமீன் எழுந்திருக்கப் பார்த்தான். அவசரமாக ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்றான்.

ஹாஜிரா பீ இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"குந்து, நைனா," என்றாள். "டீ இன்னும் பாதி கீது."